ஊதவும் ஊத மறுக்கவும் தெரிந்தவர்: லூயி ஆம்ஸ்ட்ராங்

அமெரிக்காவின் தென்கோடியில் மிசிசிப்பி ஆறு கடலை நெருங்கும் இடத்தில் இருக்கிறது நியூ ஆர்லியன்ஸ் நகரம். அங்கே 1901 ஆகஸ்ட் 4 அன்று லூயி ஆம்ஸ்ட்ராங் பிறந்தார். அவர் பிறந்த சேரிக்கு ஊரார் வைத்திருந்த பெயர் ‘போர்க்களம்’. அடிதடியும் கத்திக்குத்தும் அன்றாடம் நடந்த இடம் அது. குழந்தை பிறந்த கொஞ்ச காலத்திலேயே தந்தை குடும்பத்தைக் கைவிட்டுவிட்டார். தாய் மேயன் கிடைத்த வேலையைச் செய்து வயிற்றைக் கழுவினார். துணி வெளுத்துப் பிழைத்த பாட்டி ஜோசஃபின்தான் பேரனை ஐந்து வயதுவரை வளர்த்தார். அந்தப் பாட்டி அடிமையாகப் பிறந்தவர். அடிமை முறை சட்டப்படி ஒழிந்து 40 ஆண்டுகூட ஆகாத காலம் அது.

தான் பிறந்தது 1900 ஜூலை 4 என்றே ஆம்ஸ்ட்ராங் கடைசிவரை சொல்லிவந்தார். அது அமெரிக்காவின் சுதந்திர தினம். அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து, தேவாலயத்தின் ஞானஸ்நானப் பதிவேட்டைப் புரட்டியபோதுதான் உண்மையான தேதி தெரியவந்தது. பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் போட்டுக்கொடுத்த தேதியையே பிறந்தநாளாகச் சுமக்கும் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இது புதிய கதையல்ல. ஏழையின் பிறப்பை யாரும் அக்கறையோடு எழுதிவைப்பதில்லை.

கறுப்பின மக்களைப் பிரித்துவைக்கும் சட்டத்துக்கு உச்ச நீதிமன்றமே முத்திரை குத்தியதும் இந்த ஊரில் தொடங்கிய வழக்கில்தான். ரயிலில் வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் தனித்தனிப் பெட்டி என்று லூசியானா மாநிலம் 1890இல் சட்டம் போட்டது. அதை எதிர்த்து 1892இல் ஹோமர் பிளெஸி என்ற செருப்புத் தொழிலாளி வேண்டுமென்றே வெள்ளையர் பெட்டியில் ஏறிக் கைதானார். 1896இல் தீர்ப்பு அவருக்கு எதிராக வந்தது. வசதி சமமாக இருந்தால் பிரித்துவைப்பது குற்றமில்லை என்றது நீதிமன்றம். வசதி ஒருநாளும் சமமாக இருக்கவில்லை. பள்ளி, டிராம் வண்டி, மருத்துவமனை என்று எல்லாம் பிரிந்தன.

பிண ஊர்வலத்தில் முன்னே போகும் குழல்

எல்லாவற்றிலும் தள்ளிவைக்கப்பட்ட மக்களிடம் ஊர் முழுவதும் கேட்டு வாங்கியது ஒன்றே ஒன்றுதான். அது பேண்டு வாத்தியம். நியூ ஆர்லியன்ஸில் திருவிழா, சங்கத்து ஊர்வலம், சாவு என எல்லாவற்றுக்கும் பித்தளைக் குழல்கள் வேண்டும். கறுப்பின மக்கள் தங்களுக்குள் சந்தா கட்டிச் சங்கங்கள் நடத்தினார்கள். உறுப்பினர் இறந்தால் சங்கமே அடக்கச் செலவை ஏற்றுப் பேண்டும் வைக்கும். இடுகாட்டுக்குப் போகும்போது மெதுவான சோக கீதம், உடலைப் புதைத்துவிட்டுத் திரும்பும்போது ஆட்டம் போடவைக்கும் துள்ளிசை. இதுதான் அந்த ஊர் வழக்கம்.

அந்த பேண்டுகளில் மெட்டை முன்னின்று நடத்திய வாத்தியம் கார்னெட். தபால் வண்டிக்காரர்கள் ஊதிய கொம்பில் வால்வுகளைப் பொருத்தி, 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பிரான்சில் உருவாக்கியது அது. ட்ரம்பெட்டைவிடக் குட்டையானது. குழாய் கூடுதலாகச் சுருட்டப்பட்டிருப்பதால் உடம்போடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு மைல் கணக்கில் நடக்கலாம். ஜாஸ் இசைக்கு முன்னோடியாகச் சொல்லப்படும் பட்டி போல்டன் ஊதியது கார்னெட். அவருக்குப் பின் ஊரே ‘ராஜா’ என்று அழைத்த ஜோ ஆலிவர் ஊதியதும் கார்னெட்தான். சிறுவன் லூயி அந்த ஊர்வலங்களின் பின்னால் ஓடித்தான் இசை கேட்டான்.

ஏழெட்டு வயதில் அவனுக்கு வேலை கொடுத்தது கார்னாஃப்ஸ்கி என்ற யூதக் குடும்பம். லிதுவேனியாவிலிருந்து பிழைக்க வந்தவர்கள். பகலில் பழைய இரும்பும் கந்தலும் சேகரிப்பது, இரவில் கரி விற்பது அவர்கள் தொழில். வண்டியில் அமர்ந்து தகரக் குழலை ஊதி ஆட்களை அழைப்பது லூயியின் வேலை. அடகுக்கடையில் தொங்கிய ஒரு பழைய கார்னெட்டை 5 டாலருக்கு வாங்க அந்தக் குடும்பம் முன்பணம் கொடுத்ததைப் பிற்காலத்தில் அவர் நன்றியோடு எழுதிவைத்தார். வெள்ளையர் சமூகத்தில் யூதர்களும் இழிவாக நடத்தப்பட்டதை அந்த வயதிலேயே கண்டார். யூதர்களின் தாவீது நட்சத்திரம் பொறித்த சங்கிலியை வாழ்நாளெல்லாம் கழுத்தில் அணிந்திருந்தார்.

சீர்திருத்தப் பள்ளியில் கிடைத்த வாத்தியம்

1912 டிசம்பர் 31 இரவு. புத்தாண்டுக் கொண்டாட்டத்தில் கைத்துப்பாக்கியை வானத்தை நோக்கிச் சுட்டதற்காக 11 வயதுச் சிறுவன் கைது செய்யப்பட்டான். மறுநாளே கறுப்பினச் சிறுவர்களுக்கான சீர்திருத்த இல்லத்துக்கு அனுப்பிவிட்டார்கள். எப்போது விடுதலை என்று தேதியில்லாத தண்டனை.

அங்கே பீட்டர் டேவிஸ் என்ற ஆசிரியர் சிறுவர் பேண்டு நடத்தினார். போக்கிரிகள் நிறைந்த தெருவிலிருந்து வந்தவன் என்று முதலில் அவர் லூயியை ஒதுக்கியே வைத்தார். பிறகு கஞ்சிரா போன்ற தம்புரின் கொடுத்தார். அடுத்து டிரம், ஆல்டோ ஹார்ன், இல்லத்தில் நேரம் அறிவிக்கும் பியூகிள். கடைசியில் கார்னெட். சில மாதங்களில் அந்தப் பையனே பேண்டுக்குத் தலைவன். சீருடை அணிந்த சிறுவர் பேண்டு தன் சொந்தத் தெரு வழியாகப் போனபோது, ஊரார் காசை வாரிப் போட்டார்கள். 1914 ஜூனில் வெளியே வந்தபோது அவர் கையில் தொழில் இருந்தது. வாத்தியம் மட்டும் இல்லை.

இவர் கார்னெட்டைத் தேர்ந்தெடுத்தார் என்று சொல்ல முடியாது. அடகுக்கடையில் இருந்தது அது. இல்லத்தில் கொடுத்தது அது. ஏழை வீட்டுப் பிள்ளையின் முதல் வாத்தியம் பெரும்பாலும் அப்படித்தான் வந்துசேர்கிறது.

பகலில் கரி வண்டி ஓட்டி, இரவில் மதுக்கடைகளில் ஊதிக்கொண்டிருந்த இளைஞனை ஜோ ஆலிவர் தன் பிள்ளைபோல நடத்தினார். தன் பழைய கார்னெட் ஒன்றையும் கொடுத்தார். ஆலிவர் வடக்கே சிகாகோவுக்குக் கிளம்பியதும், கிட் ஓரியின் குழுவில் அவர் இடம் ஆம்ஸ்ட்ராங்குக்குக் கிடைத்தது. 1919 முதல் ஃபேட் மாராபிள் நடத்திய குழுவோடு மிசிசிப்பி ஆற்றில் ஓடிய உல்லாசக் கப்பல்களில் வாசித்தார். இசைக் குறிப்பைப் பார்த்து வாசிக்க அவர் முறையாகக் கற்றுக்கொண்டது அங்கேதான். காதால் கேட்டு ஊதுகிறவர் ஊர் எல்லைவரை போகலாம். எழுதிய இசையைப் படிக்கத் தெரிந்தவருக்குப் பெரிய அரங்குகளின் கதவும் திறக்கும். அந்தப் படிப்பு பின்னால் கைகொடுத்தது.

1922 ஆகஸ்டில் ஆலிவர் அழைக்க, சிகாகோ ரயிலேறினார். தென்மாநிலங்களின் கொடுமை தாங்காமல் லட்சக்கணக்கான கறுப்பின மக்கள் வடக்கே குடிபெயர்ந்துகொண்டிருந்த காலம் அது. ஆலிவர் குழுவில் அவருக்கு இரண்டாம் கார்னெட். குரு மெட்டைப் பிடித்தால் சீடர் கீழ்க்குரலில் இணைந்து போக வேண்டும். முன்னறிவிப்பே இல்லாமல் இருவரும் ஒரே மூச்சில் ஊதியதைக் கேட்க வெள்ளை இசைக்கலைஞர்களும் கூட்டமாக வந்தார்கள். 1923இல் குழு முதன்முதலாக இசைத்தட்டில் பதிவு செய்தது. ஆம்ஸ்ட்ராங்கின் ஒலி குருவையும் மூழ்கடித்ததால், ஒலிவாங்கும் கொம்பிலிருந்து அவரைத் தள்ளி நிற்கவைத்தார்கள்.

கார்னெட்டா, ட்ரம்பெட்டா?

குழுவின் பியானோ கலைஞர் லில் ஹார்டினை 1924 பிப்ரவரியில் ஆம்ஸ்ட்ராங் மணந்தார். இசையைக் கல்லூரியில் படித்தவர் லில். எவ்வளவு காலம்தான் இரண்டாம் இடத்தில் நிற்பது என்று கணவரை விடாமல் உந்தித் தள்ளியவர் அவர். அந்த ஆண்டே நியூயார்க்கில் ஃபிளெட்சர் ஹெண்டர்சனின் பெரிய இசைக்குழுவில் ஆம்ஸ்ட்ராங் சேர்ந்தார். தடித்த பூட்ஸும் நாட்டுப்புறத் தோற்றமுமாக வந்தவரைப் பார்த்து நகரத்துக் கலைஞர்கள் முதலில் சிரித்தார்கள். அவர் ஊதத் தொடங்கியதும் சிரிப்பு நின்றது. அடுத்த ஆண்டின் கடைசியில் சிகாகோ திரும்பி, எர்ஸ்கின் டேட்டின் குழுவில் ஊமைப்படங்களுக்கு வாசித்தார்.

இந்த 1920களின் நடுப்பகுதியில்தான் அவர் கார்னெட்டிலிருந்து ட்ரம்பெட்டுக்கு மாறினார். மேலுக்குப் பார்த்தால் சின்ன மாற்றம். இரண்டு வாத்தியத்துக்கும் ஒரே சுருதி. நீட்டிப் பார்த்தால் குழாயின் நீளமும் ஏறக்குறைய ஒன்றுதான், ஒன்றரை மீட்டர். மூன்று வால்வு, அதே விரல் அசைவு. ஒன்றை ஊதத் தெரிந்தவர் மற்றதை அன்றைக்கே எடுத்து ஊதலாம். வித்தியாசம் குழாயின் உட்புறத்தில் இருக்கிறது. கார்னெட்டின் குழாய் வாயிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக விரிந்துகொண்டே போகும். ட்ரம்பெட்டின் குழாய் பெரும்பகுதி ஒரே அகலத்தில் போய்க் கடைசியில் விரியும். வாயில் வைக்கும் பகுதியும் கார்னெட்டில் ஆழம் அதிகம். அதனால் கார்னெட்டின் குரல் உருண்டையாக, இதமாக, மற்ற குழல்களோடு கலந்துவிடும். ட்ரம்பெட்டின் குரல் பளிச்சென்று கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு கடைசி வரிசைவரை போகும்.

பெரிய அரங்கு இசைக்குழுக்களில் அப்போது ட்ரம்பெட்தான் நிலைபெற்றிருந்தது. பக்கத்தில் இருப்பவர் ட்ரம்பெட் ஊதும்போது தான் மட்டும் கார்னெட் ஊதினால் ஒலி ஒட்டாது, பார்வைக்கும் பொருந்தாது. ஆகவே முதல் காரணம், கூட்டத்தோடு ஒத்துப்போவதுதான். ஆனால் நடந்தது அதற்கு நேர்மாறு. ஒத்துப்போக எடுத்த வாத்தியமே அவரைத் தனித்துக் காட்டியது. கார்னெட் காலத்து இசையில் எல்லோரும் சேர்ந்து பின்னிப் பின்னி வாசிப்பார்கள். ஆம்ஸ்ட்ராங்கின் ட்ரம்பெட் வந்த பிறகு, ஒருவர் எழுந்து தன் மனத்தில் தோன்றுவதைச் சொல்ல மற்றவர்கள் துணை நிற்கும் கலையாக ஜாஸ் மாறியது.

1925 நவம்பரில் ‘ஹாட் ஃபைவ்’ என்ற தன் சொந்தக் குழுவின் பதிவுகளைத் தொடங்கினார். 1928 ஜூனில் ‘வெஸ்ட் எண்ட் புளூஸ்’ பதிவானது. துணை வாத்தியம் எதுவுமின்றி, கால் நிமிடத்துக்கும் குறைவான நேரம் ட்ரம்பெட் மட்டும் ஒலிக்கும் அதன் தொடக்கம் ஜாஸ் வரலாற்றின் எல்லைக்கல். அந்தப் பாட்டின் மெட்டு யாருடையது தெரியுமா? குரு ஜோ ஆலிவருடையது. கார்னெட் குருவின் மெட்டை ட்ரம்பெட் சீடர் உலகுக்குக் கொண்டுபோனார்.

அந்த குரு ஈறு நோயால் பல்லை இழந்து, ஊத முடியாமல் போனார். 1937இல் ஜார்ஜியா மாநிலத்தின் சவானா நகரில் தெருவில் காய்கறி விற்றுக்கொண்டிருந்த அவரைக் கண்ட ஆம்ஸ்ட்ராங், கையிலிருந்த பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தார். மறு ஆண்டு ஆலிவர் இறந்தார். பித்தளைக் குழலுக்கு உடம்புதான் முதலீடு. ஆம்ஸ்ட்ராங்கின் மேலுதடும் உச்ச ஒலிகளால் கிழிந்து தழும்பேறியது. 1930களில் மாதக்கணக்கில் ஊதாமல் இருக்க நேர்ந்தது. அவர் மேடையில் பாடுவதைக் கூட்டிக்கொண்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

சொந்த ஊரில் அந்நியர்

1931இல் புகழோடு நியூ ஆர்லியன்ஸ் திரும்பினார். ரயில் நிலையத்தில் பேண்டுகளோடு வரவேற்பு. அவர் வாசிக்க இருந்த அரங்கில் வெள்ளையருக்கு மட்டுமே அனுமதி. ஆயிரக்கணக்கான கறுப்பின மக்கள் வெளியே ஆற்றங்கரையில் கூடிநின்று, திறந்த ஜன்னல் வழியே வரும் இசைக்குக் காத்திருந்தார்கள். வானொலியில் நேரடி ஒலிபரப்பு. அறிவிப்பாளரான வெள்ளைக்காரர் ஒரு கறுப்பரை அறிமுகப்படுத்த முடியாது என்று ஒலிவாங்கியை விட்டு விலகினார். ஆம்ஸ்ட்ராங் தன் குழுவைப் பார்த்து ஒரு சுருதியை நீட்டிப் பிடிக்கச் சொல்லி, முன்னே வந்து தன்னைத் தானே அறிவித்துக்கொண்டார். அந்தப் பயணத்தில் பழைய சீர்திருத்த இல்லத்துக்குப் போய் ஆசிரியர் டேவிஸையும் பார்த்தார். அதே ஆண்டு மெம்பிஸ் நகரில், பேருந்தில் தன் மேலாளரின் மனைவியான வெள்ளைப் பெண்ணின் பக்கத்தில் அமர்ந்ததற்காகக் குழுவோடு கைதானார்.

இத்தனைக்குப் பிறகும் மேடையில் பல்லெல்லாம் தெரியச் சிரித்து, கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டே பாடினார். அடுத்த தலைமுறைக் கறுப்பினக் கலைஞர்கள் அந்தச் சிரிப்பை வெறுத்தார்கள். வெள்ளையரைக் குளிர்விக்கும் அடிமைச் சிரிப்பு என்றார்கள். பிரித்து உட்காரவைத்த கூட்டத்துக்கும் அவர் வாசித்தது உண்மை. 1957 பிப்ரவரியில் டென்னசி மாநிலத்தின் நாக்ஸ்வில் நகரில் அப்படியொரு நிகழ்ச்சியின்போது அரங்குக்கு வெளியே டைனமைட் வெடித்தது. யாருக்கும் காயமில்லை. அவர் நகைச்சுவையாகப் பேசிக் கூட்டத்தை அமைதிப்படுத்தித் தொடர்ந்து வாசித்தார்.

ஆனால் அந்தச் சிரிப்பு மட்டுமே அவர் அல்ல. கறுப்புத் தோலுக்காக மனிதன் படும் பாட்டைச் சொல்லும் ‘பிளாக் அண்ட் புளூ’ பாட்டை 1929இலேயே பதிவு செய்தவர் அவர். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேடையில் வாசிக்கக் கூடாது என்று லூசியானா 1956இல் சட்டம் இயற்றியது. அவருடைய ‘ஆல் ஸ்டார்ஸ்’ குழுவோ இரு இனத்தவரும் சேர்ந்தது. குழுவைப் பிரிப்பதைவிட ஊரையே துறப்பது மேல் என்று முடிவெடுத்தார். தன்னை வளர்த்த நகரில் அந்தத் தடை விலகும்வரை ஊத மறுத்தார். 1964இல் குடியுரிமைச் சட்டம் வந்த பிறகு, 1965இல்தான் மீண்டும் அங்கே வாசித்தார்.

1957 செப்டம்பரில் ஆர்கன்சா மாநிலத்தின் லிட்டில் ராக் நகரில் 9 கறுப்பின மாணவர்கள் வெள்ளையர் படித்த பள்ளியில் சேரப் போனார்கள். மாநில ஆளுநர் ஃபாபஸ் படையை நிறுத்தித் தடுத்தார். அமெரிக்க அரசு அப்போது ஆம்ஸ்ட்ராங்கை நல்லெண்ணத் தூதராக சோவியத் ஒன்றியத்துக்கு அனுப்பத் திட்டமிட்டிருந்தது. வட டகோட்டாவின் சின்ன நகரமொன்றில் தன்னைச் சந்தித்த இளம் நிருபரிடம் அவர் கொதித்தார். ஜனாதிபதி ஐசனோவருக்குத் துணிவில்லை என்றார். தன் மக்களை இப்படி நடத்தும் அரசுக்காக வெளிநாடு போக மாட்டேன் என்றார். சொன்னதை மறுக்கும்படி நெருக்கினார்கள். அவர் மறுக்கவில்லை. நிகழ்ச்சிகள் ரத்தாயின. தட்டுகளைப் புறக்கணிக்கச் சொல்லிக் குரல்கள் எழுந்தன. சில நாட்களில் ஐசனோவர் ராணுவத்தை அனுப்பி மாணவர்களுக்குப் பாதுகாப்புக் கொடுத்தார்.

1964இல் ‘ஹலோ, டாலி’ பாட்டால் பீட்டில்ஸையே முதலிடத்திலிருந்து இறக்கியபோது அவருக்கு வயது 62. 1971 ஜூலை 6 அன்று நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில், உழைப்பாளிகள் வாழும் தெருவில் 1943 முதல் குடியிருந்த எளிய வீட்டில் தூக்கத்திலேயே உயிர் பிரிந்தது. அந்த வீடு இன்று அருங்காட்சியகம். அவரை உள்ளே விடத் தயங்கிய நியூ ஆர்லியன்ஸின் விமான நிலையம் 2001 முதல் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

நமக்கு என்ன?

ஆம்ஸ்ட்ராங் சீர்திருத்த இல்லத்தில் கார்னெட் பழகிய அதே 1913இல்தான் அண்ணல் அம்பேத்கர் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போனார். இருவரும் சந்திக்கவில்லை. ஆனால் இரண்டு மக்களின் கதையும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளும். கருப்பினப் போராட்டத்தின் அறிஞர் டுபாய்ஸுக்கு 1946இல் அம்பேத்கர் கடிதம் எழுதியதும் அந்த உறவில்தான்.

நம் ஊர்களிலும் சாவுக்குப் பறை அடிப்பது ஒரு சமூகத்தின் மேல் சுமத்தப்பட்ட கட்டாயம். அடிக்க மாட்டோம் என்று சொன்னதற்காக அடிவாங்கிய ஊர்கள் உண்டு. அதே பறையைத் தங்கள் கலையாக மேடையேற்றி நிமிர்ந்து நிற்கும் இளைஞர்களும் இன்று உண்டு. பேண்டு செட்டில் சேர்ந்து ட்ரம்பெட்டும் கிளாரினெட்டும் ஊதிப் பிழைக்கும் பிள்ளைகளும் உண்டு. இவற்றில் எது சரி என்று வெளியிலிருந்து யாரும் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். அந்த வாத்தியத்தை எடுத்ததும் வைத்ததும் யார் முடிவு?

கார்னெட் ஆம்ஸ்ட்ராங்குக்குக் கொடுக்கப்பட்டது. ட்ரம்பெட்டை அவரே எடுத்தார். நடுவில் இருந்தவை இசைக் குறிப்பைப் படிக்கக் கற்ற சில ஆண்டுகளும், இரண்டாம் இடம் போதாது என்று தள்ளிவிட்ட ஒரு பெண்ணின் குரலும். பேண்டில் ஊதும் நம் பிள்ளைக்கு இன்னொரு வாத்தியம் வாங்கித்தர நினைப்பவர்கள், அதோடு இசையைப் படிக்கவும் கற்றுக்கொடுக்கட்டும். விரும்பாத இடத்தில் ஊத மாட்டேன் என்று சொல்லும் தெம்பு அதற்குப் பின்னால் தானே வரும்.